முடிந்த வழக்குக் கட்டிலிருந்து கற்பது: இராமநாதபுரம் கடலோர உரிமையியல் வழக்கறிஞர்களுக்கு ஒரு தொடர்படிப்பு முறை

இராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, இராமேசுவரம் ஆகிய ஊர்களின் நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்கு நடத்தும் ஒருவர், மூத்தவரின் அலுவலகத்தில் முதல் ஐந்தாண்டுகளில் கற்றதைக் கொண்டே மீதித் தொழிலை நடத்திவிடலாம் என்ற காலம் முடிந்துவிட்டது. 2002-இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் வழக்குரையைத் திருத்தும் வாய்ப்பைச் சுருக்கின. சாட்சியின் முதல் விசாரணையைப் பிரமாணப் பத்திரமாக மாற்றின. 2015-இன் வணிக நீதிமன்றச் சட்டம் ஒருவகை வழக்குகளுக்குத் தனிப் பாதை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல், 1872-இன் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்திருக்கிறது. இவற்றைப் பற்றிய ஒருநாள் கருத்தரங்குக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போய்க் கேட்டு வருவது நல்லதே. ஆனால் அங்கே கேட்ட பிரிவு எண், ஒரு வழக்கின் எந்தக் கட்டத்தில், எந்த மனுவில், எந்தத் தேதிக்குள் உயிர்பெறும் என்பது கையில் ஒரு கட்டு, அதாவது ஒரு வழக்கின் முழு ஆவணத் தொகுப்பு, இல்லாமல் மனத்தில் நிற்பதில்லை. எனவே முடிந்துபோன வழக்கின் கட்டையே பாடநூலாக வைத்துப் படிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

ஐந்து முதல் எட்டுப் பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் அது மீண்டும் சொற்பொழிவாகிவிடும். குழுவில் குறைந்தது ஒருவர் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவராகவும், இருவர் ஐந்தாண்டுக்குக் குறைந்தவராகவும் இருக்க வேண்டும். ஏனெனில் மூத்தவர் கேள்வி கேட்க மறந்துவிட்ட இடத்தில்தான் இளையவர் கேட்கிறார். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம்; ஒரு கட்டை முடிக்கும்வரை அதே கட்டு. கோடை விடுமுறை வரும் மே மாதத்தில் வாரம் ஒருமுறை கூடலாம். கட்டு, மேல்முறையீடும் முடிந்து இறுதிநிலை அடைந்த வழக்கினுடையதாக இருக்கட்டும். வழக்குரை, எதிர்வழக்குரை, தீர்ப்பு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை முறைப்படி மனுச் செய்து பெறலாம். குழு உறுப்பினர் ஒருவர் தாமே நடத்திய வழக்கானால், கட்சிக்காரர் தனிமையில் சொன்ன எதையும் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது; நீதிமன்றப் பதிவில் உள்ளது மட்டுமே பாடம். பெயர்களை மறைத்து, வாதி, முதல் பிரதிவாதி என்றே பேசப் பழகுவது நன்று.

முதல் அமர்வின் முதல் அரைமணி நேரத்தில் வழக்குரையை மட்டும் படிக்க வேண்டும். எதிர்வழக்குரையும் தீர்ப்பும் மூடியே இருக்கட்டும். ஒவ்வொருவரும் தனித்தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: வழக்கு மூலம் எந்தத் தேதியில் எழுந்தது, கேட்கப்பட்ட பரிகாரம் போதுமானதா, சொத்து விவரத்தை வைத்துக்கொண்டு ஓர் அமீனா (நீதிமன்ற ஆணையை நேரில் நிறைவேற்றும் ஊழியர்) அந்த இடத்துக்குப் போய் நிற்க முடியுமா. இந்த மூன்றாவது கேள்விக்கு நம் கடற்கரையில் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 7-ஆம் கட்டளை 3-ஆம் விதி, அசையாச் சொத்தை அடையாளம் காணப் போதிய விவரம் வேண்டும் என்றும், எல்லைகளோ சர்வே எண்களோ இருந்தால் அவற்றைக் குறிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. எளிய விதியாகத்தான் தோன்றும். ஆனால் சேதுபதிகளின் ஜமீனாக இருந்த இந்த நிலப்பகுதி, 1948-இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் வழியே ரயத்துவாரி முறைக்கு, அதாவது நிலம் வைத்திருப்பவர் அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் முறைக்கு, வந்தது. அதற்கு முந்தைய பத்திரங்களில் பைமாஷ் எண்ணும் (பழைய நில அளவை எண்) உள்ளூர்ப் பெயரும்தான் இருக்கும். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தின் பட்டா வந்தபோது உட்பிரிவுகள் மாறின. 1985-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், பழைய பத்திரத்தில் இராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கும் கிராமம் இன்று சிவகங்கையிலோ விருதுநகரிலோ இருக்கலாம். இத்தனைக்கும் மேலாக, 'கிழக்கே சமுத்திரம்', 'தெற்கே மணல்மேடு', 'மேற்கே ஒற்றைப் பனை' என்று எழுதிய நான்கு மால்கள் (எல்லைகள்). மணல்மேடு காற்றில் நகர்கிறது, பனை வெட்டப்படுகிறது, கடல் சில இடங்களில் கரையை அரித்தும் சில இடங்களில் விட்டும் போகிறது. எல்லைக்கும் விஸ்தீரணத்துக்கும் (பரப்பளவுக்கும்) முரண்பாடு வந்தால் எல்லையே பொதுவாக மேலோங்கும் என்று கற்றிருக்கிறோம். எல்லையே நகரும் இடத்தில் அந்த விதி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதைக் குழு விவாதிக்கட்டும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, 'அ' பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்), அடங்கல் (சாகுபடிக் கணக்கு) ஆகிய ஐந்தையும் ஒரே மேசையில் விரித்து, பழைய எண்ணிலிருந்து இன்றைய உட்பிரிவு வரை ஒரே தாளில் ஒப்பீட்டு அட்டவணை போடும் பயிற்சியை ஒருவர் மூன்று முறை செய்துவிட்டால், அவர் தயாரிக்கும் சொத்து விவரம் அதன்பின் வேறு தரத்தில் இருக்கும். அட்டவணையில் பொருந்தாத எண் வந்தால், வழக்குப் போடுவதற்கு முன்பே நில அளவையரைக் கொண்டு அளந்துகொள்வது, பின்னால் 26-ஆம் கட்டளை 9-ஆம் விதியின்படி இடத்தைப் பார்வையிட நீதிமன்ற ஆணையர் கேட்டு நிற்பதைவிட மேலானது. அந்த ஆணையர் இடத்தின் அமைப்பைக் காட்டத்தான் நியமிக்கப்படுகிறார். சுவாதீனம் (சொத்தின் கைவசம்) யாரிடம் என்பதற்குச் சாட்சியம் திரட்டித் தருவதற்கு அல்ல.

பரிகாரம் போதுமானதா என்ற கேள்விக்கு (2008) 4 எஸ்.சி.சி. (உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு) 594-இல் உள்ள தீர்ப்பை ஒருமுறை முழுதாக, உரக்கப் படிக்க வேண்டும். உரிமை மூலத்தின் மேல் உண்மையான ஐயம் எழுப்பப்பட்ட இடத்தில் வெறும் உறுத்துக்கட்டளை (தடையாணை) கேட்டு நிற்பதும், சுவாதீனம் இல்லாதவர் சுவாதீன மீட்பைக் கேட்காமல் விடுவதும் எப்படி வழக்கைக் கவிழ்க்கின்றன என்று அது படிப்படியாகச் சொல்கிறது. நீதிமன்றக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக விளம்புகைப் பரிகாரத்தை (உரிமை தமக்கே என்று நீதிமன்றம் அறிவிக்கக் கேட்பதை) கைவிட்ட வழக்குரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்தாண்டு கழித்து இரண்டாம் மேல்முறையீட்டில் கட்சிக்காரர் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் சேமிப்பு மிகச் சிறியது.

அடுத்து, ஒவ்வொருவரும் பிரதிவாதியின் இடத்தில் இருந்து எதிர்வழக்குரையின் மூன்று பத்திகளை எழுதிய பிறகே, உண்மையில் தாக்கலான எதிர்வழக்குரையைத் திறக்க வேண்டும். 'மறுக்கப்படுகிறது, வாதி கண்டிப்பாக நிரூபிக்கக் கடமைப்பட்டவர்' என்று எல்லாப் பத்திக்கும் ஒரே வரியை எழுதும் பழக்கத்தை இந்தப் பயிற்சி விரைவில் வெளிக்காட்டிவிடும். 8-ஆம் கட்டளையின் 3, 4, 5-ஆம் விதிகள் குறிப்பான மறுப்பைக் கேட்கின்றன. குறிப்பாக மறுக்காதது ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படலாம். காலக்கெடுவைப் பொறுத்தவரை, சாதாரண வழக்கில் அழைப்பாணை பிரதிவாதிக்குச் சார்பான (சேர்ப்பிக்கப்பட்ட) நாளிலிருந்து 30 நாள், காரணம் பதிந்து 90 நாள் வரை. சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாய விதியாகக் கொள்ளவில்லை, எனினும் நீட்டிப்பு வழக்கமாகிவிடக் கூடாது என்றது. வணிக வழக்கில் அந்த இளக்கம் இல்லை. 120 நாள் கடந்தால் எதிர்வழக்குரை உரிமையே போய்விடும். இறால் வாங்கி விற்பது, கருவாடு அனுப்புவது, ஐஸ் ஆலைக்கு இயந்திரம் வாங்கியது என்று வரும் பண வழக்குகள் 3 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத மதிப்புடையவையாக இருந்தால், அவை வணிகத் தகராறுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்படியானால், அவசர இடைக்காலப் பரிகாரம் கோராத வழக்குக்கு, தாக்கலுக்கு முந்தைய சமரச முயற்சி கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது.

எழுவினாக்களை (வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை) நீதிபதி வகுத்ததைப் பார்க்கும் முன் தாமே வகுத்துப் பார்ப்பதுதான் இந்த முறையின் மையப் பயிற்சி. எட்டுப் பேரும் எட்டு விதமாக எழுதுவார்கள். யாருடைய எழுவினா நிரூபிக்கும் பொறுப்பை யார் தலையில் வைக்கிறது என்று ஒப்பிடும்போது, வழக்கு எந்த இடத்தில் வெல்லப்பட்டது அல்லது தோற்கப்பட்டது என்பது தீர்ப்பைப் படிக்காமலே பாதி தெரிந்துவிடும்.

சாட்சியம் பற்றிய அமர்வுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நிலுவையில் இருந்த வழக்குக்குப் பழைய சாட்சியச் சட்டமே தொடரும் என்று புதிய சட்டத்தின் 170-ஆம் பிரிவு சொல்வதால், நம்மில் பலர் இன்னும் சில ஆண்டுகள் இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். பழைய 68-ஆம் பிரிவு இன்று 67, பழைய 90 இன்று 92, பழைய 65-பி இன்று 63 என்று அட்டவணை போட்டு நாட்குறிப்பின் உள்ளட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். 63-இன் கீழ் தரும் சான்றிதழுக்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது. மின்கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பைக் குறிக்கும் இடமும் அதில் உண்டு. கைப்பேசியில் எடுத்த வேலிப் படத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் தாக்கல் செய்ய வருபவரிடம் இதை முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும். கைப்பேசி மாறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

இந்தக் கரைக்கே உரிய இரண்டு சாட்சியச் சிக்கல்களைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் கட்சிக்காரர். கீழக்கரையிலும் தொண்டியிலும் பாகப்பிரிவினை வழக்கு என்றால், பங்குதாரர்களில் ஒருவராவது வளைகுடா நாட்டிலோ மலேசியாவிலோ இருப்பார். வெளிநாட்டில் மட்டும் எழுதிக் கையொப்பமிட்ட அதிகாரப் பத்திரத்தை, இந்தியாவில் முதலில் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும். அந்த முகவர் தாம் செய்த காரியங்களுக்குச் சாட்சி சொல்லலாமே தவிர, அதிகாரம் கொடுத்தவருக்கு மட்டும் நேரடியாகத் தெரிந்த செய்திக்கு அவர் சார்பில் கூண்டேற முடியாது என்பது (2005) 2 எஸ்.சி.சி. 217-இன் நிலைப்பாடு. ஆகவே வாதியே சாட்சி சொல்ல வேண்டிய வழக்கா என்று தாக்கலுக்கு முன்பே தீர்மானித்து, அவர் ஊருக்கு வரும் மாதத்தையோ காணொலி விசாரணையையோ திட்டமிட வேண்டும்.

மற்றொன்று, கடலுக்குப் போய்த் திரும்பாதவர். ஏழாண்டு செய்தி இல்லையென்றால் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே நிரூபிக்க வேண்டும் என்பது பழைய 108, புதிய 111. ஆனால் அந்த அனுமானம் அவர் இறந்துவிட்டார் என்பதற்கு மட்டுமே. எந்த நாளில் இறந்தார் என்பதற்கு அன்று. யார் முதலில் இறந்தார், பங்கு யாருக்குத் திறந்தது என்பதே வழக்காக இருக்கும் குடும்பத்தில் இந்த வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றிவிடும். படகு புறப்பட்ட நாள், மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு, காவல் நிலைய முதல் தகவல், தேடுதல் பதிவுகள் ஆகியவற்றை, அந்தத் தாய் அல்லது மனைவி அலுவலகப் படியேறிய நாளிலேயே பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் அந்த நாளை இன்னொருமுறை சொல்ல நேர்வது எவ்வளவு கடினம் என்பதை நினைவில் வைத்து, ஒரே அமர்வில் முழுமையாகக் கேட்பது நம் கடமை.

விசைப்படகுத் தொழிலாளர்கள் சாட்சிகளாக உள்ள வழக்குகளில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நமக்கு ஒரு வாய்ப்பு. நீதிமன்றம் விடுமுறையில் இருக்கும் மே மாதத்தில் அவர்கள் கரையில் இருப்பார்கள். 18-ஆம் கட்டளை 4-ஆம் விதியின்படியான பிரமாணப் பத்திரங்களை அவர்களுக்குப் படித்துக்காட்டி, அவர்கள் சொல்லிலேயே அமைக்க அதுவே தக்க காலம். வழக்கறிஞரின் நடையில் எழுதிய பிரமாணப் பத்திரம் குறுக்கு விசாரணையின் முதல் ஐந்து கேள்வியிலேயே சாட்சிக்கு அந்நியமாகிவிடும்.

ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தேதித்தாள் தயாரிப்பதைக் கட்டாயமாக்குங்கள். வழக்கு மூலம் எழுந்த நாள், தாக்கல், சார்பு, ஒருதலைத் தீர்ப்பாணை (மறுதரப்பு வராததால் வந்தது), இறப்பு என்று ஒவ்வொன்றின் எதிரிலும் அடுத்த காலக்கெடுவை எழுத வேண்டும். ஒருதலைத் தீர்ப்பாணையை நீக்க 30 நாள். இறந்தவரின் வாரிசுகளைச் சேர்க்க 90 நாள். அதற்குள் சேர்க்காமல் வழக்கு அற்றுப்போனால் அதை நீக்க மேலும் 60 நாள். அதன்பிறகு தாமதத்துக்குக் காரணம் காட்டும் மனு. அரசுக்கு எதிரான வழக்கில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு அறிவிப்பின் இரண்டு மாதத்தையும் இதே தாளில் குறிக்கலாம். மறுதரப்பை அழைக்காமல் இடைக்கால உறுத்துக்கட்டளை பெற்றிருந்தால், நகல்களை அனுப்பியதற்கான பிரமாணப் பத்திரத்தை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்தார்களா என்று 39-ஆம் கட்டளை 3-ஆம் விதியை வைத்துச் சரிபார்க்கவும். பல கட்டுகளில் அந்த இடம் காலியாக இருப்பதைக் காண்பீர்கள்.

தீர்ப்புகளைத் தேட, உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளம் கட்டணமின்றி உதவுகிறது. சங்க நூலகத்தில் பழைய தொகுதி இல்லையே என்று இளையவர்கள் தயங்க வேண்டியதில்லை. மத்தியச் சட்டத்தின் அச்சுப் பிரதியை மட்டும் நம்பாமல், மாநிலத் திருத்தங்களையும் உரிமையியல் நடைமுறை விதிகளையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். மனு திருப்பப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது நூலின் ஏதோ ஒரு விதியால்தான்.

கடைசி அமர்வு தீர்ப்பாணையின் நிறைவேற்றுகைக்கு உரியது. இதைப் பலர் குமாஸ்தாவின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். தீர்ப்பாணை நிறைவேற்றத்தக்கதாகும் நாளிலிருந்து 12 ஆண்டு என்ற நீண்ட காலத்தை நம்பி கட்டை அலமாரியில் வைப்பதால், அதற்குள் சொத்து மூன்று கை மாறி, 21-ஆம் கட்டளை 97-ஆம் விதியின் கீழ் தடை மனுக்கள் குவிகின்றன. நிறைவேற்றுகை மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-இலும் 2025-இலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருப்பதை மனுவின் முதல் பத்தியிலேயே குறிப்பிடலாம். குழு, அமீனாவின் அறிக்கையை எடுத்து, முதல் அமர்வில் படித்த சொத்து விவரத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். 'சொத்தை அடையாளம் காட்ட இயலவில்லை' என்று அதில் எழுதியிருந்தால், வழக்குரையை மீண்டும் திறந்து, அந்த நான்கு மாலை இன்று நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று ஒவ்வொருவரும் எழுதிக் காட்டிய பின்பே அடுத்த கட்டுக்குப் போக வேண்டும்.