நம்ம ஊர் மாதிரியே இருக்கே: தாய்லாந்தில் பிள்ளை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

பாங்காக்குக்கு வந்து 11 வருடம் ஆகிறது. கிளம்பும்போது ஊரில் எல்லோரும் எதைச் சொல்லிப் பயமுறுத்தினார்களோ, அதாவது பூச்சி வறுவல், புரியாத எழுத்து, மழைக்கால வெள்ளம், அதிலெல்லாம் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அடி வாங்கியது எல்லாம் 'அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கே' என்று அசந்துபோன இடங்களில்தான். கை கூப்பிக் கும்பிடுகிறார்கள், செருப்பை வாசலில் விடுகிறார்கள், தேங்காய்ப்பாலும் புளியும் பாகற்காயும் சந்தையில் குவிந்து கிடக்கின்றன, ஏப்ரல் நடுவில் புத்தாண்டு வருகிறது, மல்லிகைக்கு 'மலி' என்றே பெயர். இவ்வளவு இருந்தால் தெரிந்த ஊர்தானே என்று தோன்றும். தோன்றட்டும், அதை நம்பி இறங்கிவிடாதீர்கள்.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், வீட்டில் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். சைவக் குடும்பங்கள் செய்கிற முதல் தவறு, 'இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவது. கடைக்கார அம்மா சிரித்துத் தலையாட்டிவிட்டு, காய் மட்டும் போட்டு வதக்கி, கடைசியில் நாம் ப்லாவை ஊற்றித் தருவார். மீனை உப்பில் ஊறப்போட்டு எடுக்கிற சாறு அது. அவர் ஏமாற்றவில்லை. அவர் கணக்கில் அது மீன் இல்லை, உப்பு. பச்சைக் குழம்பு, சிவப்புக் குழம்பு விழுதுகளில் பெரும்பாலும் கபி என்ற இறால் விழுது சேர்ந்திருக்கும், கீரை வதக்கலில் சிப்பி சாஸ் இருக்கும். பப்பாளிக்காய் சோம் தம் வாங்கும்போது காய்ந்த இறால் போடாதீர்கள் என்று சொல்லிவிடலாம், ஆனால் நமக்கு முன்னால் வந்தவருக்கு உப்பு நண்டு போட்டு இடித்த அதே உரலில்தான் நமக்கும் இடிப்பார்கள்.

அதனால் ஒவ்வொன்றாக வேண்டாம் என்று சொல்வதைவிட இரண்டு சொற்களைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். ஒன்று 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பாக எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். சீனர்கள் வழியாக வந்த பழக்கம் இது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. இன்னொன்று 'மங்சவிரத்'. மாமிசம், விரதி என்ற சொற்கள்தான், காதில் விழுந்தாலே நமக்குப் புரிந்துவிடும். இதில் முட்டையும் பாலும் வரலாம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கேட்டுவிட்டு, தட்டில் முட்டையைப் பார்த்ததும் கடைக்காரரிடம் சத்தம் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சீனக் கணக்கில் ஒன்பதாம் மாதத்தின் முதல் 9 நாட்கள் ஜே பண்டிகை, பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே வரும், அப்போது தெருவுக்குத் தெரு மஞ்சள் கொடி. ஊரிலிருந்து மாமியாரை வரவழைப்பதாக இருந்தால் அந்த நாட்களில் வரவழையுங்கள்.

நாங்கள் அப்படிச் செய்யவில்லை. என் மாமியார் வந்தது ஜனவரியில். வந்த இரண்டாம் நாள் சந்தைக்குக் கூட்டிப்போனேன், ஒரு கட்டுத் துளசியைப் பார்த்துவிட்டு அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இவ்வளவு மலிவாகவா என்று இரண்டு கட்டு வாங்கிப் பெருமாள் படத்துக்குப் போட்டார். மறுநாள் காலை எங்கள் சந்தின் முனையில் அதே துளசியை ஒரு கைப்பிடி அள்ளி, பச்சை மிளகாயும் பூண்டும் கொத்திய பன்றி இறைச்சியும் பொரிகிற சட்டியில் போடுகிறார்கள். தெருவே மணக்கிறது. மாமியார் என் கையை அழுத்திப் பிடித்தார், ஒன்றும் பேசவில்லை, அன்று மத்தியானம் வரைக்கும் சாப்பிடவும் இல்லை. பட் கப்ராவ் என்பது இந்த ஊரில் வேலைக்குப் போகிறவர்களின் அன்றாடச் சாப்பாடு. அதில் போடுகிற கப்ராவ் நம் துளசியேதான். இதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், என் தவறு. இதோடு இன்னொன்று: ஹோரபா என்று விற்பது நம் திருநீற்றுப்பச்சை இனம், அது குழம்புக்குப் போகும். இரண்டும் பச்சைதானே என்று மாற்றிப் போட்டால் சாப்பாடே வேறாகிவிடும். பிள்ளைகள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம் காரம். 'நாங்கள் ஆந்திரா பார்டர், எங்களுக்குக் காரமா' என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. இங்கே சின்ன மிளகாய்க்குப் பெயரே 'எலிப்புழுக்கை மிளகாய்', ப்ரிக் கீ நூ. குழம்பில் கொதித்து அடங்கிய காரத்துக்குப் பழகிய நாக்குக்கு, பச்சையாக இடித்துப் போட்ட காரம் வேறு சங்கதி. குழந்தைக்கு 'மை பெட்' என்று சொல்லி வாங்குங்கள், காரம் வேண்டாம் என்று அர்த்தம்.

பள்ளிக்கு தினமும் தனி டப்பா கட்டிக் கொடுப்பது இன்னொரு தவறு, இதில் எனக்கு அழுத்தமான அபிப்பிராயமே உண்டு. ஒவ்வாமை இருந்தால் அது வேறு. மற்றபடி பள்ளியில் தருகிற சோறும் சூப்பும் சாப்பிடட்டும். என் மகன் இந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டது வகுப்பில் இல்லை, சாப்பாட்டு மேசையில். முதல் வருடம் தயிர்சாதம் கட்டிக் கொடுத்து அவனைத் தனி மேசைக்கு அனுப்பிக்கொண்டிருந்ததே நான்தான் என்று தெரிய ஒரு வருடம் ஆயிற்று. வீட்டில் இட்லி இருக்கவே இருக்கிறது, இந்தியக் கடைகள் நிறைந்த பஹுரத் பக்கம் போனால் உளுந்தும் இட்லி அரிசியும் கிடைக்கும். கரண்டி வலது கையில், முள்கரண்டி இடது கையில், முள்கரண்டி சோற்றைத் தள்ளிக் கொடுக்க மட்டும்தான், வாய்க்குப் போகாது. இரட்டைக் குச்சி நூடுல்ஸ் சாப்பிட. ஒட்டரிசிச் சோறு மட்டும் கையால். அதில் நம் பிள்ளைகள் கில்லாடிகள்.

கும்பிடுவது. இங்கே அதற்கு 'வாய்' என்று பெயர், நமக்கு வேறு வாய்தான் நினைவுக்கு வரும், அதை விடுங்கள். நம் வணக்கம் எல்லோருக்கும் ஒன்று. இவர்களுடையதில் யார் முதலில், எவ்வளவு உயரத்தில் என்று கணக்கு இருக்கிறது: சின்னவர்தான் முதலில் கும்பிட வேண்டும், சமமானவர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பிக்குகளுக்கும் கைகள் படிப்படியாக மேலே போகும். நான் பண்பாக இருப்பதாக நினைத்து பக்கத்து வீட்டுச் சிறுவனை முந்திக்கொண்டு கும்பிட்டேன், அவன் பாட்டி பதறிவிட்டார். பெரியவர் முதலில் கும்பிட்டால் சின்னவர் ஆயுள் குறையும் என்று ஒரு நம்பிக்கை. கடையில் பில் போடுகிறவர் கும்பிட்டால் சிரித்துத் தலையசைத்தால் போதும்.

தலை, கால் விஷயம் நமக்குப் பாதி தெரியும். ஆனால் நம் ஆட்கள் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் தலையைத் தடவிவிடுவார்கள், அறிமுகமில்லாத வீட்டுக் குழந்தையிடம் இங்கே அதைச் செய்யாதீர்கள். கோயிலில் குழந்தை புத்தர் பக்கம் காலை நீட்டி உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொது இடத்தில் நாட்டுப்பண் கேட்டால் நில்லுங்கள். உருண்டோடும் காசைக் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள், அதில் மன்னர் முகம் இருக்கிறது. பதின்வயதுப் பிள்ளை இருந்தால் மன்னர் குடும்பத்தைப் பற்றி இணையத்தில் கேலி, மீம் எதுவும் கூடாது என்பதை உட்கார வைத்துச் சொல்லுங்கள். குற்றவியல் சட்டம் 112-ஆம் பிரிவில் 3 முதல் 15 வருடம் வரை சிறை.

எங்கள் மகள் பிறந்து இரண்டு மாதம் இருக்கும். மாடி வீட்டு வயதான அம்மா ஒருவர் வந்து, குழந்தையை உற்றுப் பார்த்து, கன்னத்தைத் தொட்டு, 'ஐயோ, எவ்வளவு அசிங்கம், வெறுப்பாக இருக்கிறது' என்றார். அரைகுறை மொழி தெரிந்த என் கணவருக்கு அந்த இரண்டு சொல்லும் நன்றாகப் புரிந்துவிட்டது. ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் அலுவலகத்தில் யாரோ விளக்கினார்கள்: அழகு என்று சொன்னால் பேய் தூக்கிக்கொண்டு போய்விடுமாம், அதனால் பச்சிளங்குழந்தையை அப்படித்தான் கொஞ்ச வேண்டுமாம். கன்னத்தில் மை வைத்துத் திருஷ்டி கழிக்கிற நமக்கு, பிள்ளை தக்க வேண்டும் என்று குப்பன், பிச்சை என்று பெயர் வைத்த நமக்கு, இது புரியாமல் போனதுதான் வேடிக்கை. பன்றி என்று அர்த்தம் வருகிற 'மூ' இங்கே செல்லப்பெயர். செல்லப்பெயர் இல்லாத குழந்தையே கிடையாது, பள்ளிப் படிவத்தில்கூடக் கேட்பார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், நீங்கள் வைக்காவிட்டால் வகுப்பு வைத்துவிடும்.

மொழியிலும் ஒரு சின்னக் குழி. ஆண்கள் வாக்கியத்தை 'க்ரப்' என்று முடிக்க வேண்டும், பெண்கள் 'கா' என்று. என் மகன் என்னிடமும் பணிப்பெண்ணிடமும் மட்டுமே பேசிப் பழகியதால் நான்கு வயது வரை 'கா' போட்டுக்கொண்டு திரிந்தான். அப்பாக்கள் நாலு வார்த்தையாவது கற்றுக்கொள்ளுங்கள்.

திருவிழாக்கள்தான் நான் நிறையச் சொல்ல நினைக்கிற இடம். சோங்க்ரான் ஏப்ரல் 13 முதல் 15 வரை, சங்கராந்தி என்ற சொல்தான், நம் சித்திரை முதல் நாளை ஒட்டியது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. நம் குடும்பங்கள் தண்ணீர்த் துப்பாக்கி வாங்கி சீலோம் சாலைக்குப் போய் நனைந்துவிட்டு வந்து, சோங்க்ரான் கொண்டாடிவிட்டோம் என்கின்றன. காலையில் நடப்பது தெரிவதே இல்லை. வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, அவர்கள் உள்ளங்கையில் வாசனை நீரைக் கொஞ்சமாக ஊற்றி மன்னிப்புக் கேட்டு ஆசி வாங்குவார்கள். கையில்தான், தலையில் இல்லை. பக்கத்து வீட்டில் கூப்பிட்டால் பிள்ளைகளோடு போங்கள், துப்பாக்கி சாயங்காலம் வரை காத்திருக்கும்.

ஆற்றில் தெப்பம் மிதக்க விடுகிற லோய் க்ரதோங் திருவிழாவுக்கு தெர்மகோல் தெப்பம் வாங்காதீர்கள், வாழைத்தண்டுத் துண்டில் வாழையிலையை மடித்துக் குத்திச் செய்ய ஒரு மணி நேரம் போதும். அவர்கள் அன்று மன்னிப்புக் கேட்பது மே கொங்கா என்ற நதித் தாயிடம். கொங்கா வேறு யாரும் இல்லை, கங்கைதான்.

வாய் க்ரூ பெரும்பாலும் ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. க்ரூ என்றால் குரு. குழந்தைகள் பூத்தட்டு எடுத்துப் போய் ஆசிரியரை வணங்குவார்கள். ஆசிரியர் தினம்தானே என்று ரோஜாக் கொத்து வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். அந்தத் தட்டுக்கு நான்கு பொருள் உண்டு, கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது: அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ, நெற்பொரி. அருகு படர்வதுபோல அறிவு படரட்டும், இட்லிப்பூ மொட்டைப்போலக் கூர்மையாகட்டும், கத்தரிப்பூ தலைகவிழ்ந்து இருப்பதுபோலப் பணிவு வரட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வார்கள். பொரி, சட்டிக்குள் அடங்கி வெடிப்பதால் ஒழுக்கம்.

ஆனால் இந்த மாதிரி இடங்களில்தான் நம் ஆட்களுக்கு ஒரு வியாதி வரும். 'இதெல்லாம் எங்கள் ஊரிலிருந்து வந்தது' என்று உள்ளூர்க்காரரிடமே பாடம் எடுப்பது. உண்மை இருக்கலாம். பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் நடத்துகிற த்ரியம்பவாய் சடங்கின் பெயரே திருவெம்பாவையிலிருந்து வந்ததுதான், பெரிய ஊஞ்சலில் ஆடுவதை 1935-இல் நிறுத்திய பிறகும் சடங்கு தொடர்ந்தது. சீலோம் மாரியம்மன் கோயிலை எழுப்பியதும் தமிழர்கள்தான். ஆனால் இன்று அங்கே போய்ப் பாருங்கள், மாலையோடு வரிசையில் நிற்பவர்களில் நிறையப் பேர் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் பாட்டி காலத்திலிருந்து கும்பிடுகிற சாமியை 'எங்களுடையது' என்று சொல்லி என்ன கிடைக்கப்போகிறது?

அன்னையர் தினம் ஆகஸ்ட் 12, ராணி சிரிகிட் பிறந்த நாள். அன்று விடுமுறை, அதனால் பள்ளி விழா அதற்கு முன்பே நடந்துவிடும். முதல் வருடம் அழைப்பு வந்தபோது வாழ்த்து அட்டை கொடுக்கிற நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு போகவில்லை. அங்கே அம்மாக்கள் நாற்காலியில் வரிசையாக உட்கார, பிள்ளைகள் முழங்காலிட்டுக் காலில் விழுந்து கும்பிட்டு மல்லிகை கொடுப்பார்களாம். என் மகன் எனக்குப் பதில் உட்கார்ந்த ஆசிரியையின் காலில் விழுந்துவிட்டு, பூவைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். வாடிப்போயிருந்தது. எந்தக் கூட்டத்தை விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது ஊருக்கு லீவில் போகும்போது நடப்பது. இங்கே பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது குறுக்கே நடந்தால் முதுகை வளைத்துத் தலையைத் தாழ்த்தித்தான் போவார்கள், பிள்ளைகளுக்கு அது தானாக வந்துவிடும். தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் மகன் அப்படிப் போனதைப் பார்த்து ஒரு சித்தப்பா, 'ஏண்டா, கூன் விழுந்துருச்சா?' என்று கேட்டுவிட்டார், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் முழுக்க அவன் பாட்டிக்கு முன்னால் விறைப்பாக நிமிர்ந்தே நடந்துகொண்டிருந்தான்.