பகைவர் நண்பராகும் விண்வெளிக் கதை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் பலருக்கு அறிவியல் புனைவு என்றால் தனி ஆசை. இந்த மண்ணுக்கு அது புதுசும் இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-லேயே அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து, மாமூத் யானைகள் வரும் ‘காடு’ படத்தை எடுத்துவிட்டது. இப்போது கைக்கு வரும் திரைக்கதைகளில் ஒன்று அடிக்கடி தென்படுகிறது. எதிரெதிர்ப் படையைச் சேர்ந்த மனிதர் ஒருவரும் வேற்றுக்கிரகவாசி ஒருவரும் ஆளில்லாத கிரகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள், கடைசியில் நண்பர்கள் ஆகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை அது. அதனால்தான் அது சறுக்கும் இடங்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

பெரிய சறுக்கல், ஒரே காட்சியில் பகையை முடித்துவிடுவது. பள்ளத்தில் விழப்போகிறவனை எதிரி கைகொடுத்துத் தூக்குகிறான், பின்னணியில் வயலின், அடுத்த காட்சியில் இருவரும் தோளில் கை போட்டு நடக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றியவனிடம் நன்றி வரும், சரி. நட்பு அப்படி வராது. 1985-இல் வூல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய ‘எனிமி மைன்’ படத்தைப் பாருங்கள். மனித விமானி டேவிட்ஜ், டிராக் இனத்து வீரர் ஜெரிபாவைப் பார்த்ததும் செய்யும் முதல் வேலை, அவர் குளிக்கும் தண்ணீரில் எரிபொருளை ஊற்றித் தீ வைப்பது. பிறகு காப்பாற்றும் காட்சியும் வருகிறது. ஆனால் இருவரையும் கட்டிப்போடுவது வானத்திலிருந்து ஓயாமல் விழும் எரிகற்கள்தான். கூரை வேய்ந்தே ஆக வேண்டும், ஒற்றை ஆளால் முடியாது. வேலைதான் அவர்களைச் சேர்த்து வைக்கிறது.

நம் ஊரில் இதற்குப் பாடம் படிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளுக்கு ஒரே கிணற்றில் பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறை வைத்துத்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். மோட்டார் பழுதானால் இரண்டு தோட்டமும் காயும். ஒருவர் மோட்டார் ரூம் வாசலில் நின்று, எதிரில் இருப்பவரைப் பார்க்காமல், கட்டிப்போட்ட நாயைப் பார்த்துச் சொல்வார்: “ஃபுட்வால்வுல அடைப்பு போல இருக்குதுங்.” மற்றவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே, “நாளைக்கு மெக்கானிக்க வரச் சொல்லியிருக்குதுங்” என்பார். செலவுப் பணம் பையன் கையில் கொடுத்து அனுப்பப்படும். மாதக்கணக்கில் இப்படியே போகும். அப்புறம் ஒருநாள் யாரும் கவனிக்காமலே பேச்சு நேராகிவிடும்.

உங்கள் விண்கலத்திலும் அப்படி ஒரு நாய் இருக்கட்டும். பழுதான ரோபோவோ ரேடியோவோ, எதுவாகவும் இருக்கலாம். இருவரும் அதைப் பார்த்துத்தான் பேசட்டும். முதன்முதலாக எதிரியின் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்லும் இடத்தை வெகுநேரம் தள்ளிப் போடுங்கள், கட்டிப்பிடிக்கும் காட்சி அதற்கும் பிறகு வரட்டும்.

மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டிவிடுவதும் எளிதில் வரும் தவறுதான். குறும்படத்துக்கு நேரம் கம்மி, வேறு வழியில்லை என்பார்கள். ஆனால் மொழி தெரியாமல் தடுமாறும் நிமிடங்களில்தான் பகை உருகுகிறது. ‘எனிமி மைனில்’ இருவரும் ஒருவர் மொழியை ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள். டேவிட்ஜ், டிராக் இனத்தின் ஞானாசிரியரைத் திட்ட, பதிலுக்கு ஜெரிபா மிக்கி மவுஸைத் திட்டுகிறார்! மனிதர்கள் கும்பிடும் பெரியவர் யாரோ என்று நினைத்துவிட்டார். கருவி காதில் இருந்திருந்தால் இந்தக் காட்சி பிறந்தே இருக்காது.

இன்னொன்று, சிப். எதிரி ரோபோவின் சிப்பை மாற்றினால் நண்பன் ரெடி என்று முடித்துவிடுகிறார்கள். ‘எந்திரன்’ படத்தில் சிவப்பு சிப் ஏறியதும் சிட்டி அழிவுக்கு இறங்குகிறான். சிப்பால் ஆளை மாற்றலாம், அதில் அவனுடைய முடிவு எதுவும் இல்லை. 1991-இல் வந்த ‘டெர்மினேட்டர் 2’ இதை நன்றாகப் புரிந்துகொண்ட படம். அங்கே இயந்திரத்தின் நிரலை மாற்றுவது கதை தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ஆட்களைக் கொல்லக் கூடாது என்று சிறுவன் ஜான் அதனிடம் வாக்கு வாங்குவதும், மனிதர்கள் ஏன் அழுகிறார்கள் என்று அது கேட்பதும்தான் கதை.

எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு இது: நட்பு வந்ததும் வேற்றுக்கிரகவாசியை நம்மாளாகவே ஆக்கிவிடுவது. நம் சாப்பாட்டைச் சாப்பிட்டு, நம் பாட்டுக்குத் தலையாட்டி, நம் சாமியைக் கும்பிடுகிறார். அவருக்கென்று ஊர், உறவு, முன்னோர் எதுவுமே இருந்ததில்லை போல. அதைச் சேர்த்துக்கொள்வது என்று சொல்ல முடியாது, விழுங்குவது. ‘எனிமி மைன்’ நேர் எதிர்த் திசையில் போகிறது. டிராக் இனத்தில் ஆண் பெண் பிரிவு இல்லை, ஜெரிபா தானே கருவுற்று, பிள்ளைப்பேற்றில் இறந்துபோகிறார். சாகும் முன் டேவிட்ஜிடம் ஒரு வாக்கு வாங்குகிறார். பிள்ளையைத் தன் கிரகத்துக்குக் கொண்டுபோய், சபை முன்னால் குலவரிசையை முன்னோர் பெயரோடு சொல்ல வேண்டும். ஒரு மனிதன் எதிரியின் முப்பாட்டன்மார் பெயர்களை மனப்பாடம் செய்கிறான். குலமும் கோயிலும் சொல்லி ஆளை அடையாளம் காணும் கொங்குக்காரர்களுக்கு இதன் கனம் சொல்லாமலே புரியும். நட்பால் மாற வேண்டியவர் உங்கள் கதாநாயகரும்தான்.

“எல்லாம் தப்பாப் புரிஞ்சுக்கிட்டதுதான்” என்று பகையைக் கரைத்துவிடாதீர்கள். இரு பக்கமும் உண்மையான இழப்பு இருக்கட்டும். அதேபோல், இருவரையும் சேர்க்க மூன்றாவதாக ஒரு பூதத்தை இறக்குவதும் குறுக்குவழி.

நட்பு நேர்கோட்டில் வளரவும் வேண்டாம். ஜோகன்னஸ்பர்க்கில் நடக்கும் ‘டிஸ்ட்ரிக்ட் 9’ (2009) படத்தில் விக்கஸ், வேற்றுக்கிரகவாசி கிறிஸ்டோபரோடு கூட்டுச் சேர்வதே, வேற்றுக்கிரகவாசியாக மாறிக்கொண்டிருக்கும் தன் உடம்பைச் சரிசெய்துகொள்ள. அதற்கு மூன்று வருடம் ஆகும் என்றதும் அவரை அடித்துப் போட்டுவிட்டுக் கலத்தை எடுத்துப் போகிறார். அப்படிப்பட்ட ஆள் கடைசியில் கிறிஸ்டோபர் தப்பிக்கத் தன்னைப் பணயம் வைக்கும்போது, நாம் நம்புகிறோம்.

கடைசியாக, இடம். வேற்றுக் கிரகம் என்றதும் டாப்சிலிப் பச்சைக்கு ஓட வேண்டாம். பச்சையைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. சேலத்து மாக்னசைட் சுரங்கப் பகுதியின் வெள்ளை மேடுகள், கைவிட்ட பாறைக்குழிகள், முள் மட்டும் முளைத்த கரடுகள் இருக்கின்றன. அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள், தண்ணீர் நிற்கும் குழிப் பக்கம் போகாதீர்கள். முடிந்தால் ஆடி மாதத்தில் எடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடம், உடுமலைப் பக்கம் அடிக்கும் காற்றை எந்த ஸ்டுடியோவிலும் செய்ய முடியாது. மைக்குக்கு ரோமக் கவசம் போட்டுவிட்டு, காற்றின் சத்தத்தைத் தனியாகவும் பதிவுசெய்து வையுங்கள். அந்தக் காற்றில் ஒருவர் காதருகே ஒருவர் வாயைக் கொண்டுபோனால்தான் பேச்சு கேட்கும், பகைவர்கள் இருவரையும் அவ்வளவு பக்கத்தில் நிறுத்த உங்களுக்கு வேறு காரணமும் தேட வேண்டியிருக்காது.