மேற்படிப்புக்கு ஒரு இணைய போர்ட்ஃபோலியோ: முதலில் ஃபோல்டர், அப்புறம் தளம்

போர்ட்ஃபோலியோ என்றால் நீங்கள் செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் தளம். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் அதைப் பற்றி என்னிடம் முதலில் கேட்பது, "எந்த டெம்ப்ளேட் நல்லா இருக்கும்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியை நாலாவது படிக்குத் தள்ளி வைப்போம். தளம் கட்ட ஒரு மாலைப்பொழுது போதும். அதில் எதை வைப்பது, அதைப் பற்றி என்ன எழுதுவது என்று முடிவு செய்யத்தான் நாளாகும். அந்த வேலையைச் செய்யாமல் கட்டிய தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வாசிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

படி 1: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள்

கட்டுரைகள், ப்ராஜெக்ட் அறிக்கைகள், ஸ்லைடுகள், போஸ்டர், எழுதிய நிரல், கையால் எழுதிய லேப் நோட்டின் படம் என எது கிடைத்தாலும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். இப்போதைக்கு எதையும் கழிக்க வேண்டாம்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டையும் மாதத்தையும் முன்னால் போடுங்கள்: 2023-08 என்று தொடங்கி, பிறகு வேலையின் பெயர். இப்படி வைத்தால் கம்ப்யூட்டரே கால வரிசையில் அடுக்கித் தந்துவிடும். பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில், இடைவெளி விடாமல், நடுவில் சிறு கோடு போட்டு எழுதுங்கள். இதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். பல இணைய சர்வர்களில் அவை வேறு வேறு. உங்கள் கம்ப்யூட்டரில் ஒழுங்காகத் திறந்த படம், தளத்தில் ஏற்றியதும் காணாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொன்று. கல்லூரி கொடுத்த கணக்கில் இருப்பதையெல்லாம் இன்றே உங்கள் சொந்தக் கணக்குக்கு நகலெடுங்கள். நான் படிப்பை முடித்த சில மாதங்களில் என் கல்லூரிக் கணக்கு மூடப்பட்டது. கடைசி ஆண்டு ப்ராஜெக்டின் மூலத் தரவு முழுக்க அதில்தான் இருந்தது. அறிக்கையின் பிடிஎஃப் மட்டும் மிஞ்சியது. அந்தத் தரவை இன்றும் தேடுகிறேன்.

படி 2: கழியுங்கள்

ஐந்து அல்லது ஆறு வேலைகள் போதும். உங்கள் தளத்தைத் திறக்கும் பேராசிரியர் அன்று இன்னும் எத்தனையோ விண்ணப்பங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு கோப்பையும் எடுத்து வைத்து, "எனக்கு என்ன செய்யத் தெரியும் என்று இது காட்டுகிறது?" என்று கேளுங்கள். இரண்டு வேலைகள் ஒரே பதிலைச் சொன்னால் ஒன்றை எடுத்துவிடுங்கள். மதிப்பெண் அதிகம் வாங்கியது என்பதற்காக மட்டும் எதையும் வைக்க வேண்டாம்.

குழுவாகச் செய்த வேலை என்றால் கூட இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பேட்டி கொடுத்தவர்கள், நோயாளிகள், மாணவர்கள் பற்றிய விவரம் இருந்தால் அந்தப் பக்கங்கள் தளத்துக்கு வரக் கூடாது. ஆய்விதழில் வெளியான கட்டுரை என்றால், இதழுடன் போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். நீங்களே எழுதியதாக இருந்தாலும், இதழ் அச்சுக்கோத்த பிடிஎஃப்பை ஏற்ற அனுமதி இல்லாமல் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் இதழின் பக்கத்துக்கு லிங்க் மட்டும் கொடுங்கள்.

படி 3: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குறிப்பு

போர்ட்ஃபோலியோவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பலரும் அவசரமாகக் கடந்து போவதும் இந்தப் படியைத்தான். உதாரணத்துக்கு ஒரு ப்ராஜெக்டைக் கற்பனை செய்வோம். பெரும்பாலானவர்கள் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

"நிலத்தடி நீரின் தரம் பற்றிய ஆய்வு. குழு ப்ராஜெக்ட். இதன் மூலம் பல திறன்களைக் கற்றுக்கொண்டேன்."

இதை வாசித்தவருக்கு நீங்கள் யாரென்று தெரியாது. இப்போது இதைப் பாருங்கள்:

"நான்கு பேர் சேர்ந்து 40 கிணறுகளில் நீர் மாதிரி எடுத்தோம். உப்புத்தன்மையை அளந்ததும் அளவுகளை வரைபடமாக்கியதும் என் பங்கு. முதல் நாள் மீட்டரைச் சரிபார்க்காமல் அளந்துவிட்டோம். அந்த 9 அளவுகளை நீக்கி, அதே கிணறுகளுக்குத் திரும்பப் போய் அளந்தேன். மறுபடி செய்தால் மழைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை மாதிரி எடுப்பேன்."

எத்தனை பேர், உங்கள் பங்கு எது, எங்கே தவறியது, எப்படிச் சரிசெய்தீர்கள், இன்று எதை மாற்றுவீர்கள். எல்லாம் ஐந்து வாக்கியத்தில் வந்துவிட்டது. தவறை எழுத மாணவர்கள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிற ஒருவரைத்தான் ஆராய்ச்சிக்குத் தேடுகிறார்கள். "நாங்கள்" என்று எழுதிய இடங்களை ஒரு முறை திரும்பப் பார்த்து, "நான்" வர வேண்டிய இடத்தில் நேர்மையாக "நான்" போடுங்கள்.

படி 4: தளம்

நிரல் எழுதத் தெரியாது என்றால் கூகுள் சைட்ஸ் போதும். இழுத்துப் போட்டு அடுக்கலாம், இலவசம். கொஞ்சம் ஹெச்டிஎம்எல் தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது கிட்ஹப் பேஜஸ், கிட்ஹப்பில் வைத்த கோப்புகளைத் தளமாகக் காட்டும் சேவை. உங்கள் யூசர்நேமுக்குப் பின்னால் 'டாட் கிட்ஹப் டாட் ஐஓ' சேர்த்து அந்தப் பெயரில் ஒரு ரெப்பாசிட்டரி (கிட்ஹப்பில் கோப்புகளை வைக்கும் ஃபோல்டர் போன்றது) திறந்து, அதில் இண்டெக்ஸ் என்ற ஹெச்டிஎம்எல் கோப்பைப் போட்டால், சில நிமிடங்களில் அதுவே உங்கள் தள முகவரியாகிவிடும். மொத்தத் தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். இலவசக் கணக்கில் இப்படித் தளமாக்கும் ரெப்பாசிட்டரி பொதுவில்தான் இருக்க வேண்டும் என்பதால், ரகசியமான எதையும் அதில் வைக்காதீர்கள்.

முகப்பு, வேலைகள், சிவி, தொடர்பு: நான்கு பக்கம் போதும். முகப்பில் உங்கள் பெயர், என்ன படிக்கிறீர்கள், எந்தக் கேள்வி உங்களை இழுக்கிறது என்று மூன்று நான்கு வரி எழுதுங்கள். கட்டுரையோ போஸ்டரோ வெளியிட்டிருந்தால் ஆர்கிட் (ORCID) எண் ஒன்று வாங்கித் தொடர்புப் பக்கத்தில் போடுங்கள். இந்த 16 இலக்க எண்ணை 2012 முதல் ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் பெயரிலேயே இன்னும் பலர் எழுதினாலும் உங்கள் வேலை தனியே தெரியும்.

போன் எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி வேண்டாம். தளத்தில் கவனமாக இருப்பவர்களும் சிவி பிடிஎஃப்பின் தலைப்பகுதியில் இவை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். தளத்துக்கென்று தனியாக ஒரு சிவி தயாரியுங்கள். சிவி கோப்பின் பெயரில் மட்டும் தேதி போடாதீர்கள். பெயர் மாறாமல் இருந்தால், புதிய சிவியை ஏற்றினாலும் பழைய லிங்க் வேலை செய்யும்.

படி 5: வேறொருவர் கண்ணால் பாருங்கள்

பிரவுசரில் இன்காக்னிட்டோ விண்டோ (உங்கள் கணக்கில் நுழையாத தனி விண்டோ) திறந்து, ஒவ்வொரு லிங்கையும் தட்டிப் பாருங்கள். கூகுள் டிரைவில் பகிராமல் வைத்திருக்கும் கோப்பு உங்களுக்குத் திறக்கும். மற்றவருக்கு அனுமதி கேட்டு நிற்கும். அதைக் கண்டுபிடிக்க இதுதான் எளிய வழி. அப்புறம் போனில் பாருங்கள். படங்களுக்கு ஒரு வரி மாற்று உரை கொடுங்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் ஸ்க்ரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும். எழுத்தும் பின்னணியும் வெளிச்ச வேறுபாட்டில் (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5:1 அளவுக்காவது வேறுபட வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இதில் தேறாது.

கடைசியாக, உங்கள் துறை தெரியாத நண்பர் ஒருவரிடம் தளத்தை இரண்டு நிமிடம் கொடுங்கள். மூடச் சொல்லிவிட்டு, "நான் என்ன செய்கிறேன்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் முகப்பின் அந்த வரிகளைத் திரும்ப எழுதுங்கள். சரியாக வந்தால் முகவரியை விண்ணப்பத்தில் போடலாம். முடிவு வரும்வரை அந்த முகவரியை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.