ரத்தக்குழாயின் உட்படலம்: நாம் செய்யும் தவறுகள்

"கொழுப்பு படிந்து குழாய் அடைத்துவிட்டது" என்று கேட்டதும் பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாய்தான் நம் நினைவுக்கு வருகிறது. முதல் தவறு அங்கேதான். ரத்தக்குழாயின் உட்புறம் முழுக்க ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். கெட்ட கொழுப்பு அந்தப் படலத்தின் மேல் ஒட்டுவதில்லை. படலம் நலம் கெட்ட இடத்தில் அதைக் கடந்து சுவருக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே வீக்கம் உண்டாகி, ஒரு நாள் அந்தக் கொழுப்புத் திட்டின் மேல்மூடி கிழிந்தால் ரத்தம் உறைந்துவிடும். பெரும்பாலான மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன. சிறிய அடைப்பிலும் இது நடக்கலாம். அதனால் "அடைப்பு 40 சதவீதம்தான்" என்று கேட்டு மருந்தை ஒதுக்கி வைக்காதீர்கள்.

விஞ்ஞானிகளே இந்தப் படலத்தைக் கவனிக்காமல் விட்ட காலம் உண்டு. முயலின் பெருந்தமனித் துண்டில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை விட்டால் அது சுருங்கும் என்றே நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் பல ஆண்டுகள் பார்த்துவந்தார். துண்டைத் தயாரிக்கும்போது உட்படலம் உரசிப் போய்விடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. படலம் அப்படியே இருந்தால் அதே மருந்துக்குத் தமனி தளர்ந்து விரிந்தது. 1980இல் இதை வெளியிட்டார். படலம் சுரக்கும் ஒரு பொருள்தான் தமனியைத் தளர்த்துகிறது; அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. 1998இல் இதற்காக நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் கிடைத்தது.

அடுத்தது, ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடுவது. சிகரெட், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஒவ்வொன்றும் இந்த செல்களைத் தனியாகவே கெடுக்கும். அடுத்தவர் விடும் புகையும் போதும். மாறாக, நடைப்பயிற்சி இவற்றுக்கு நல்லது: வேகமாக நடக்கும்போது ரத்த ஓட்டம் படலத்தை உரசிச் செல்கிறது. அந்த உரசல்தான் செல்களை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் தூண்டுகிறது.

சரி, அந்த வாயுவின் மூலப்பொருளான ஆர்ஜினைனை மாத்திரையாக வாங்கி விழுங்கலாமே என்று தோன்றும். மாரடைப்பு வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. ஆர்ஜினைன் பெற்றவர்களில் 6 பேர் இறந்தார்கள், மற்றக் குழுவில் யாரும் இறக்கவில்லை. ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஸ்டென்ட் (அடைபட்ட ரத்தக்குழாயை விரித்து வைக்கும் உலோக வலைக்குழாய்) வைத்தவர்கள் செய்யும் தவறு. வலி போய்விட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் உலோகத்தின் மேல் இந்தப் படலம் வளர்ந்து மூடும்வரை, ரத்தம் அதை வேற்றுப்பொருளாகவே பார்க்கும்; எந்நேரமும் உறையலாம். மருந்து பூசிய ஸ்டென்டில் மறுபடி அடைப்பு வராமல் தடுக்கும் அதே மருந்து, படலம் வளர்வதையும் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரல் போன்ற இன்னொரு மாத்திரையையும் மாதக்கணக்கில் தருகிறார்கள். எத்தனை மாதம் என்பதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பல் பிடுங்கப் போகிறீர்கள், ரத்தம் நிற்காது என்று யாராவது நிறுத்தச் சொன்னாலும், முதலில் இதய மருத்துவரைக் கேளுங்கள்.