எலுமிச்சை ஒட்டுக்கு ஜம்பேரி நாற்று: மண் படாமல் வளர்க்க

ஜம்பேரி, எலுமிச்சை ஒட்டுக்கு அடிச்செடியாகப் பயன்படும் எலுமிச்சை வகை. அதன் நாற்றுத் தொட்டியில் தோட்டத்து மண்ணை ஒரு கைப்பிடிகூடச் சேர்க்க வேண்டாம். வேரழுகலைத் தரும் பைட்டோப்தோரா கிருமி பெரும்பாலும் அதோடுதான் வரும். கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு 3 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைப் பாறைத் துகள்) 1 பங்கு போதும். இதில் சத்து கிடையாது; நான்கு இலை விட்டதும் நீரில் கரையும் உரம், லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை.

விதையை 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 10 நிமிடம் வைத்து, ஆறியதும் விதையுங்கள். காயவிட்டால் முளைப்பு கெடும். பழைய தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பிறகே ப்ளீச் 1 பங்கு, நீர் 9 பங்கு கரைசலில் 30 நிமிடம் ஊறப்போடவும். அழுக்கிருந்தால் குளோரின் அதிலேயே வீணாகும்.

இவ்வளவும் செய்துவிட்டுத் தொட்டியைத் தரையில் வைப்பவர்கள்தான் அதிகம்! மழைத்துளி தெறித்தாலே கிருமி ஏறிவிடும். 45 செ.மீ. உயரத்தில் கம்பிவலை மேடை வேண்டும். ஹோஸ் நுனியும் தரையில் கிடக்கக் கூடாது.