எரிபொருள் கசிந்த நிலத்தை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலத்தடி நீரில் மாசு உண்டா என்று பார்க்கத் தோண்டும் கண்காணிப்புக் கிணற்றுக்கு, புதிதாகப் பணியில் சேர்ந்த இருவர் வரைந்த வரைபடத்தை அண்மையில் பார்த்தேன். தொடக்க காலத்தில் நான் செய்த தவறு அதில் அப்படியே இருந்தது. மாதிரிக் குப்பியில் எண் எழுத மறப்பது போன்றவற்றை எவரும் ஒரு வாரத்தில் திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

துளைக்குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்குவது

பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை. மண்ணினூடே இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் படர்ந்து நிற்கும். கிணற்றுக் குழாயில் துளையிட்ட பகுதி அந்த மட்டத்துக்குக் கீழே தொடங்கினால், மிதக்கும் எரிபொருள் துளையில்லாத குழாய்ச் சுவரின் வெளிப்புறத்திலேயே நின்றுவிடும். உள்ளே நீர் மட்டுமே வரும்.

நான் அமைத்த கிணற்றில் நீர்மட்டம் 5 மீட்டர் ஆழத்தில் இருந்தது. தண்ணீர் நன்றாகச் சுரக்க வேண்டும் என்று எண்ணி, துளைக்குழாயை 6 மீட்டரிலிருந்து 9 மீட்டர் வரை வைத்தேன். இரண்டு ஆண்டுகள், ஒவ்வோர் அளவீட்டிலும் ‘மிதக்கும் எரிபொருள் இல்லை’ என்று கையெழுத்திட்டேன். பெட்ரோலிலிருந்து நீரில் கரைந்த பென்சீன் ஆய்வக முடிவுகளில் விடாமல் வந்துகொண்டிருந்ததைப் பழைய எச்சம் என்று கருதி, கரைந்த மாசுக்காக மட்டும் நீரிறைக்கும் அமைப்பையும் வடிவமைத்தேன். பிறகு ஒரு வறட்சியில் நீர்மட்டம் 6.5 மீட்டருக்கு இறங்கியது. அன்று பெய்லரை, அதாவது கிணற்றில் இறக்கி நீரை அள்ளும் குழாயை, மேலே தூக்கியபோது, அந்தக் கண்ணாடி போன்ற குழாயின் மேற்பாதி முழுவதும் வெளிர்மஞ்சள் பெட்ரோல் நின்றது.

இழப்பு அதோடு முடியவில்லை. நாங்கள் இறைத்ததால் நீர்மட்டம் தாழ, மிதந்த பெட்ரோலும் கூடவே இறங்கி மண்துளைகளில் ஒட்டிக்கொண்டது. நீர் மீண்டும் ஏறியபோது அது நீருக்கடியில் சிக்கியது. மேலாக ஒரு மெல்லிய படலமாக அள்ளியிருக்க வேண்டியதை, ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட தடிமனில் பூசிவைத்தோம். இன்றும் இதே வரைபடத்தை எவரேனும் நீட்டினால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் இதைத் தவிர்க்கத் தோண்டும் நாளில் ஒன்றிரண்டு மீட்டர் கூடுதல் துளைக்குழாயே போதும்.

ஆகவே பருவந்தோறும் நீர்மட்டம் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை முதலில் விசாரியுங்கள். மிக உயர்ந்த மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்கி, மிகத் தாழ்ந்த மட்டத்துக்குக் கீழே முடியுமாறு துளைப்பகுதியை அமையுங்கள். ஒவ்வோர் அளவீட்டிலும் நீரின் ஆழத்துக்கு அருகிலேயே துளைப்பகுதி தொடங்கும் ஆழத்தையும் எழுதுங்கள். நீர் அதற்கு மேல் நின்றால், ‘எரிபொருள் இல்லை’ என்று எழுத உங்களுக்கு ஆதாரம் இல்லை.

கிணற்றில் தெரியும் தடிமனை நிலத்தின் தடிமனாகக் கொள்வது

நுண்மணல், வண்டல் போன்ற மண்ணில் கிணற்றுக்குள் தெரியும் படலம் வெளியே உள்ளதைவிடப் பல மடங்கு தடித்திருக்கக்கூடும். அதைப் பரப்பளவால் பெருக்கிக் கசிந்த லிட்டரைக் கணக்கிடாதீர்கள். கிணறுகளின் நீர்மட்டங்களை ஒப்பிட்டு நீரோட்டத் திசையைக் கணிக்கும்போதும் கவனம் தேவை. 0.75 அடர்த்தியுள்ள பெட்ரோல் 40 சென்டிமீட்டர் நின்றால், அது கிணற்று நீரை 30 சென்டிமீட்டர் கீழே அழுத்தியிருக்கும். அதை அளந்த நீர்மட்டத்தோடு கூட்டாவிட்டால் திசையே மாறித் தெரியலாம்.

மண்ணை முகர்ந்து பார்ப்பது

கூடாது. பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும்.

குப்பியில் காற்றுக்குமிழி

மாதிரியை மீண்டும் எடுங்கள்.

பம்பை நிறுத்திய வாரத்திலேயே பணி முடிந்ததாக அறிவிப்பது

இறைக்கும் வரை தெளிவாக வந்த நீர், நிறுத்திய சில மாதங்களில் மீண்டும் கெடுவது வழக்கம். மண்துளைகளில் சிக்கிய எரிபொருள் மெதுவாகக் கரைந்துகொண்டே இருக்கும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். பம்பு ஓய்ந்த பின், நீர்மட்டம் ஒருமுறை முழுமையாக ஏறி இறங்கும் வரை மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே அறிக்கையை எழுதத் தொடங்குங்கள்.