ஆயில் மாற்றும் தூரத்தை நீட்டிப்பதற்கு முன்: ஆயில் பரிசோதனை செய்வது எப்படி?

கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் ஆயிலை வடித்துவிடாதீர்கள். டீசல் எஞ்சினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைப் படியவிடாமல் தன்னுள் ஏந்திக்கொள்வது அதன் வேலை. எஞ்சின் எவ்வளவு தேய்கிறது என்பதை நிறம் சொல்லாது, ஆய்வுக்கூட அறிக்கை சொல்லும். வாரண்டி இருக்கும் வண்டியில் மட்டும் தயாரிப்பாளர் குறித்த தூரத்தைத் தாண்டாதீர்கள்.

முதல் வேலை மாதிரி எடுப்பது. இதில் தவறினால் பிறகு வரும் எண்கள் எல்லாம் வீண். எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை வண்டியை ஓட்டுங்கள். ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, கையுறையோடு கழற்றுங்கள். முதலில் பாயும் ஆயில் அடிக்கசடைக் கொண்டுவரும். அதைப் போகவிட்டு, அடுத்து வருவதை உலர்ந்த, சுத்தமான புட்டியில் பிடியுங்கள். எஞ்சின் ஓடிய மொத்தத் தூரம், இந்த ஆயில் ஓடிய தூரம், இடையில் ஊற்றிய அளவு மூன்றையும் புட்டியில் எழுதி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

அறிக்கையில் உலோகங்கள் பிபிஎம் கணக்கில் இருக்கும். அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது. இரும்பு பெரும்பாலும் சிலிண்டர், கேம் ஷாஃப்ட் போன்றவற்றிலிருந்து வரும், அலுமினியம் பிஸ்டனிலிருந்து, ஈயமும் செம்பும் பேரிங்கிலிருந்து. சிலிக்கான் ஏறினால் ஏர் ஃபில்டரையும் அதன் குழாய் இணைப்புகளையும் பாருங்கள், தூசி உள்ளே போகிறது. புது எஞ்சினில் இவை எல்லாமே கூடுதலாகத்தான் இருக்கும், பதற வேண்டாம்.

இனிதான் முக்கியமான கணக்கு. 8,000 கிலோமீட்டரில் இரும்பு 16 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம்: ஆயிரத்துக்கு 2. அடுத்த முறை 10,000 வரை ஓட்டி 20 வந்தால் தேய்மான வேகம் மாறவில்லை, இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். 35 வந்தால் வேகம் ஏறிவிட்டது; பழைய தூரத்துக்கே திரும்புங்கள். ஒரே அறிக்கையை நம்பி ஒரேயடியாக இருமடங்கு நீட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

டிபிஎன் எண்ணையும் பாருங்கள். அமிலத்தை முறிக்க ஆயிலில் மிச்சமிருக்கும் வலு அது. புது ஆயிலில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டால், இரும்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன். பாகுநிலை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை, இறங்கியிருந்தால் எரிபொருள் கலந்திருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் கேளுங்கள்.

ஒன்று மட்டும் இந்தப் பரிசோதனையில் தப்பிவிடும். வழக்கமான கருவி சில மைக்ரான் அளவுள்ள துகள்களையே சரியாக எண்ணும். பெரிய சில்லுகள் அதன் கணக்கில் வராது. அதனால் கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுங்கும் துகள் தெரிந்தால் காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் மினுங்கினால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.